மூன்று மஞ்சள் மாத்திரைகள்: ரத்தப் புற்றுநோய்க்கான இலக்கு மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கில்டெரிடினிப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. வெளிர்மஞ்சள் நிறம், வட்ட வடிவம், ஒன்றில் 40 மில்லிகிராம் மருந்து. தீவிர ரத்தப் புற்றுநோயின் ஒரு வகை திரும்பி வந்தவர்கள் இதில் மூன்றை ஒரே வேளையாகத் தினமும் விழுங்குகிறார்கள். ஏன் மூன்று? இரண்டு போதாதா? நோய் அவ்வளவு பொல்லாததென்றால் ஏழெட்டாகக் கொடுத்து ஒரேயடியாக அடக்கிவிடக் கூடாதா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் காண 252 நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு தேவைப்பட்டது. பழைய சிகிச்சையைவிட இது மேலானதா என்ற அடுத்த கேள்விக்கு இன்னும் 371 பேர் தேவைப்பட்டார்கள்.

'புற்றுநோய்க்குப் புதிய மாத்திரை: சோதனை வெற்றி' என்று செய்தித் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். எந்தச் சோதனை? எதில் வெற்றி? மருந்து வேலை செய்கிறது என்று சொல்லும்போது அதற்குள் நான்கு தனித்தனிச் செய்திகள் இருக்கலாம். போக வேண்டிய இடத்துக்கு மருந்து போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. புற்றுச் செல்கள் குறைந்தன என்பது இன்னொன்று. நோய் அடங்கி நல்ல ரத்தம் ஊறத் தொடங்கியது என்பது மூன்றாவது. நோயாளி கூடுதல் நாள் உயிரோடு இருந்தார் என்பது நான்காவது. முதல் மூன்றிலும் தேறிவிட்டு நான்காவதில் தோற்ற மருந்துகள் உண்டு. அதனால்தான் சோதனை இத்தனை படிகளாக நீள்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. ரத்த அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே முதிராத நிலையில் இருக்கும் குஞ்சு அணுக்களை மருத்துவர்கள் 'பிளாஸ்ட்' என்பார்கள். நலமாக இருப்பவரின் மஜ்ஜையில் இவை 5 சதவீதத்துக்குள் அடங்கும். தீவிர மைலாய்டு லுகீமியாவில் இவை முதிரவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் பெருகுகின்றன. வழக்கமாக 20 சதவீதத்தைத் தொட்டால் நோய் உறுதி. இடத்தை இவை அடைத்துக்கொள்வதால் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. அதனால் சோகை, காய்ச்சல், ஈறிலும் தோலிலும் ரத்தக்கசிவு. இங்கே 'தீவிர' என்ற சொல் நோயின் வேகத்தைக் குறிக்கிறது. நாள்பட்ட லுகீமியா வருடக்கணக்கில் ஊர்ந்து போகலாம். இது வாரக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். சோதனையை வடிவமைப்பவர்களுக்கு இந்த வேகம்தான் முதல் தலைவலி. பொறுத்துப் பார்க்க நோயாளிக்கு அவகாசம் இல்லை.

கீமோதெரபி பிரிந்து பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். இலக்கு மருந்து அப்படியல்ல, நோயை ஓட்டும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும். கில்டெரிடினிப்பின் இலக்கு எஃப்எல்டி3 என்ற புரதம். ரத்தச் செல்லின் மேற்புறத்தில் இருந்துகொண்டு 'வளரு' என்ற கட்டளையை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்புவது இதன் வேலை. அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் யாரும் அழுத்தாமலே மணி அலறிக்கொண்டிருக்கும் அல்லவா? தீவிர மைலாய்டு லுகீமியா நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு எஃப்எல்டி3 மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு இந்தப் புரதம் அப்படித்தான் அலறுகிறது. புரதத்துக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு வந்து அமர ஒரு சிறு குழி உண்டு. மருந்து அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மணி நிற்கிறது. கொள்கை அளவில் இவ்வளவுதான்.

கொள்கையில் நன்றாக இருக்கும் மருந்து முதலில் சோதனைக் குழாயிலும் பிறகு விலங்குகளிலும் பார்க்கப்படும். அதை இங்கே தாண்டிப் போகிறேன். எலியின் லுகீமியாவைக் குணப்படுத்திய மருந்துகளின் பட்டியல் மிக நீளம், அவற்றில் மனிதருக்கு உதவியவை கொஞ்சம்.

முதல் கட்டம்: எவ்வளவு கொடுப்பது?

மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் கட்டம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. இதில் சேருபவர் 'புது மருந்து கிடைக்கிறது' என்ற நம்பிக்கையோடு வருகிறார். ஆய்வாளர் கேட்கும் கேள்வியோ 'எந்த அளவு வரை உடல் தாங்கும், மருந்து உடலில் எப்படி நடந்துகொள்கிறது' என்பதுதான். முதலில் சேரும் சிலர் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அந்த அளவு நோயைத் தொடாமலே போகலாம். இதை ஒளிவுமறைவின்றி முன்பே சொல்லிவிடுவது ஆய்வாளரின் கடமை.

அளவை உயர்த்தப் பழைய முறை ஒன்று உண்டு. மூவருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு மேல் அளவு. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள், ஒரு படி கீழே இறங்க வேண்டும். கில்டெரிடினிப் 20 மில்லிகிராமில் தொடங்கி 40, 80, 120, 200, 300 என்று ஏறியது. 450 மில்லிகிராமில் மூவரில் இருவருக்குத் தாங்க முடியாத பக்கவிளைவு வந்தது: கடும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதி உயர்வு. ஆக, உடல் தாங்கும் உச்ச அளவு 300 என்று முடிவானது.

லுகீமியாவில் இந்தக் கணக்கு சொல்வதுபோல் எளிதல்ல. நுரையீரல் புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் சரிந்தால் அது மருந்தின் தீங்கு என்று உடனே எழுதிவிடலாம். லுகீமியா நோயாளியின் அணுக்களோ நோயால் ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன. புதிதாகச் சரிந்தால் அது மருந்தின் வேலையா, நோயின் வேலையா? ஆகவே ஆய்வு விதிகளில் இப்படி எழுதுவார்கள்: மஜ்ஜையில் லுகீமியா இல்லை என்று தெரிந்த பிறகும், சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் போன்ற ஒரு கெடு கடந்தும் அணுக்கள் மீளவில்லையென்றால் மட்டுமே அதை மருந்தின் கணக்கில் எழுத வேண்டும்.

முதல் கட்டத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். காலையில் மாத்திரை விழுங்குவதற்கு முன் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். செவிலியர் எதிரே நிற்க, நோயாளி ஒரு குவளைத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவார். அந்த நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கப்படும். அரை மணி கழித்து ஒரு குப்பி ரத்தம். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி. மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஊசியால் குத்தாமல் இருக்கக் கையில் ஒரு குழாயைப் பொருத்தி வைத்திருப்பார்கள். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதிய நேரம் பத்து நிமிடம் தவறினாலும் அதைக் குறித்தாக வேண்டும். பார்ப்பவருக்குச் சலிப்பான வேலை. ஆனால் மருந்து எப்போது உச்சம் தொடுகிறது, எப்போது வடிகிறது என்ற கோடு இந்தக் குப்பிகளிலிருந்துதான் பிறக்கிறது. கில்டெரிடினிப்பின் அளவு உடலில் பாதியாகக் குறைய சுமார் 113 மணி நேரம் ஆகும் என்று தெரியவந்தது இப்படித்தான். ஏறக்குறைய ஐந்து நாள். ஒரு வேளை மறந்தால் உடனே குடிமுழுகிவிடாது என்பது அதன் நல்ல பக்கம். பக்கவிளைவு வந்து மருந்தை நிறுத்தினாலும் அது உடனே விடாது என்பது மறுபக்கம்.

இனி அந்த மூன்று மாத்திரைக் கேள்வி. உடல் தாங்குவது 300 என்றால் ஏன் 120? கீமோதெரபிக் காலத்துச் சிந்தனையில் தாங்கும் உச்சமே சிறந்த அளவு, அதிகம் கொடுத்தால் அதிகம் கொல்லும் என்பது கணக்கு. இலக்கு மருந்துக்கு அது பொருந்தாது. குழி நிரம்பிவிட்ட பிறகு மேலும் மருந்தைக் கொட்டினால் அது வேறு புரதங்களைப் போய்த் தொந்தரவு செய்யுமே தவிர இலக்கில் கூடுதலாக ஒன்றும் நடக்காது. நோயாளிகளின் ரத்தத்தில் எஃப்எல்டி3 எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். 80 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாம் நாளுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் அடங்கியிருந்தது. 80-க்குக் கொஞ்சம் மேலே, 300-க்கு நன்றாகக் கீழே 120-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 40 மில்லிகிராம் மாத்திரையில் மூன்று.

இதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. எஃப்எல்டி3 மாற்றம் உள்ள 191 பேரோடு, அந்த மாற்றம் இல்லாத 58 பேரையும் சேர்த்திருந்தார்கள். இலக்கு இல்லாதவருக்கு இலக்கு மருந்து எதற்கு என்று தோன்றலாம். மாற்றம் உள்ளவர்களில் 49 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு நல்ல பலன் தெரிந்தது. மாற்றம் இல்லாதவர்களில் 12 சதவீதம் பேருக்கே தெரிந்தது. மருந்து உண்மையில் அந்தக் குழி வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வாய்வழி மருந்தின் தனித் தொல்லைகள்

ஊசி மருந்தென்றால் நூறு மில்லிகிராம் ஏற்றினால் நூறும் ரத்தத்தில் இருக்கும். மாத்திரைக்கு இரைப்பை, குடல், கல்லீரல் என்று வழியில் பல சுங்கச்சாவடிகள். வெறும் வயிற்றில் ஒரு அளவும் கொழுப்புள்ள உணவுக்குப் பின் வேறொரு அளவும் உள்ளே போகலாம். வெனெட்டோகிளாக்ஸ் என்ற இன்னொரு லுகீமியா மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும் என்பது இப்படிச் சோதித்துக் கண்டதே.

லுகீமியாவில் இன்னொரு வம்பு உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத இந்த நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று எமன். அதனால் பூஞ்சைக் கொல்லி மருந்தும் கூடவே ஓடும். போசகோனசோல் போன்றவை, மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை முடக்கிவிடும். சிதைக்க ஆள் இல்லாததால் இலக்கு மருந்து ரத்தத்தில் குவியும். வெனெட்டோகிளாக்ஸை அசாசிடிடின் என்ற மிதமான கீமோ மருந்தோடு கொடுக்கும்போது வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். போசகோனசோல் கூட இருந்தால் 70 ஆகக் குறைக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணை ஊகத்தில் எழுத முடியாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்து ரத்தக் குப்பிகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு மனித இயல்பு. மாத்திரை வீட்டில் எடுக்கப்படுகிறது, எடுத்தாரா என்று பார்க்க ஆளில்லை. ஆய்வில் சேர்ந்தவரிடம் ஒரு நாட்குறிப்பு அட்டை கொடுப்பார்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை மாத்திரை, வாந்தி எடுத்தீர்களா. அடுத்த முறை வரும்போது காலிப் புட்டியையும் கொண்டுவர வேண்டும். மீதி மாத்திரைகளை மருந்தாளுநர் தட்டில் கொட்டி எண்ணுவார். அட்டையும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாத நாள்கள் நிறைய. நோயாளியைக் குற்றம் பிடிப்பதற்காக இந்த எண்ணிக்கை எடுக்கப்படுவதில்லை. நூறில் எழுபது நாள் மட்டும் எடுத்தவரிடம் மருந்து தோற்றால், அது மருந்தின் தோல்வியா என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

பலன் என்பது எது?

மிடோஸ்டாரின் என்ற மருந்தும் எஃப்எல்டி3-ஐத் தாக்குவதுதான். அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் பிளாஸ்ட் குறைந்தது. ஆனால் நோய் முழுதாக அடங்கியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே ரத்தத்தில் பிளாஸ்ட் குறைந்தது என்பதை மட்டும் நம்பி யாரும் மருந்தை அங்கீகரிப்பதில்லை.

முழு அடக்கம் என்பதற்கு எழுதிவைத்த வரையறை இருக்கிறது. மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழ். ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை மைக்ரோலிட்டருக்கு 1,000-க்கு மேல். தட்டணுக்கள் 1,00,000-க்கு மேல். பின்னிரண்டும் ஏன்? கெட்ட பயிர் அழிந்தது மட்டும் போதாது, நல்ல பயிர் முளைக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் சுட்டெரித்து மஜ்ஜையைத் தரிசாக்கும் மருந்தாலும் பிளாஸ்டை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியும். இதைப் பார்க்க ஒவ்வொரு 28 நாள் சுற்றின் முடிவிலோ குறித்த சில சுற்றுகளின் முடிவிலோ இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டாலும் உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் உள்ளிருந்து இழுப்பதுபோல் வலிக்கும். ஆய்வில் சேரும் முன் எத்தனை முறை இதைச் செய்வார்கள் என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இலக்கு மருந்துகளில் பலன் மெதுவாகவும் வரலாம். சில மருந்துகள் பிளாஸ்டைக் கொல்வதற்குப் பதில் முதிர வைக்கின்றன. இந்த எண்ணத்தின் தொடக்கம் 1985-இல் ஷாங்காயில். மருத்துவர் வாங் சென்-யி, சாகும் நிலையில் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான ஒரு மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார். அவளுக்கு வந்திருந்தது புரோமைலோசைட்டிக் லுகீமியா என்ற வகை. சிறுமி பிழைத்தாள். 1988-இல் 24 நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின: 23 பேருக்கு இந்த ஒரு மருந்திலேயே நோய் முழுதாக அடங்கியிருந்தது. மரபணுக் கோளாறு எதுவென்று அப்போது தெரியாது. அது பிறகுதான் தெரிந்தது.

முதிர வைக்கும் மருந்துகளுக்கு விசித்திரமான ஆபத்து ஒன்றும் உண்டு. திடீரென்று முதிரும் செல்கள் கூட்டமாக ரத்தத்துக்குள் பாய்ந்து நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் புகுந்து அழற்சியைக் கிளப்பும். காய்ச்சல், மூச்சுத்திணறல், நீர் சேர்ந்து எடை ஏறுவது. பார்த்தால் நிமோனியா போல இருக்கும். நோய் முற்றிவிட்டதென்றும் தோன்றும். உண்மையில் மருந்து பலன் தருவதன் அடையாளமாகவே இது வந்திருக்கலாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்காவிட்டால் உயிர்போகும். கில்டெரிடினிப், எனசிடெனிப், ஐவோசிடெனிப், ரெவுமெனிப் எல்லாவற்றின் மருந்துக் குறிப்பிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக இது இருக்கிறது. ஆய்வில் இருப்பவர் வீட்டில் தினமும் எடை பார்க்கச் சொல்லப்படுவது இதற்காகவும்தான்.

ஒப்பிடாமல் தெரியாது

அடுத்தது பெரிய ஆய்வு. இதில் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு அணிகளாகப் பிரிப்பார்கள். கணினி சீட்டுக் குலுக்கும். மருத்துவருக்கும் நோயாளிக்கும் அதில் கை இல்லை. இது ஏன் என்று பலருக்கு நெருடும். காரணம் எளிது. தேர்வை மருத்துவரிடம் விட்டால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்து, துவண்டவருக்குப் பழையது என்று அவரை அறியாமலே மனம் சாயும். பிறகு புது மருந்து வென்றால், வென்றது மருந்தா தெம்பா என்று சொல்ல முடியாது.

கில்டெரிடினிப்பின் பெரிய ஆய்வுக்கு அட்மிரல் என்று பெயர். எஃப்எல்டி3 மாற்றம் இருந்து, நோய் திரும்பியோ முதல் சிகிச்சைக்கு அடங்காமலோ இருந்த 371 பேர். 247 பேருக்கு மாத்திரை, 124 பேருக்குக் கீமோதெரபி. எந்தக் கீமோ என்பதைச் சீட்டுக் குலுக்குமுன்பே மருத்துவர் எழுதிவைத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. முடிவு: மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், கீமோ அணியில் 5.6 மாதம். ஓராண்டு முடிவில் மாத்திரை அணியில் 37 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்ற அணியில் 17 சதவீதம்.

இடைநிலை என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். 9.3 மாதம் என்றால் ஒவ்வொருவரும் 9.3 மாதம் வாழ்வார் என்று பொருளல்ல. பாதிப்பேர் அதற்குள் இறந்தார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள் என்று பொருள். தாண்டியவர்களில் சிலர் மஜ்ஜை மாற்று சிகிச்சை வரை போய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தனக்கு இத்தனை மாதம் என்று இந்த எண்ணைப் படித்து உடைந்துபோகிறவர்கள் உண்டு. அதற்கானதல்ல அந்த எண்.

சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. தீவிர லுகீமியாவில் வெறும் மருந்துப்போலியை மட்டும் கொடுத்து நோயாளியைச் சாக விடுவதில்லை. நிலையான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதன்மேல் ஒரு அணிக்குப் புது மாத்திரை, மற்றதற்கு அதேபோல் தோற்றமுள்ள போலி. மிடோஸ்டாரின் ஆய்வு அப்படித்தான் நடந்தது. 17 நாடுகளில் 3,277 பேரைச் சலித்து, எஃப்எல்டி3 மாற்றம் உள்ள 717 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கீமோ, கூடவே மிடோஸ்டாரின் அல்லது போலி. நான்காண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 51.4 சதவீதம், போலி அணியில் 44.3 சதவீதம். 2017-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. தனியாகத் தந்தபோது ஏறக்குறைய தோற்ற மருந்து, துணையோடு தேறிய கதை இது.

மாத்திரையா ஊசியா என்று வெளிப்படையாகத் தெரியும் ஆய்வில் வேறு சிக்கல். குவிசார்டினிப் மாத்திரையை 367 பேரிடம் இப்படிச் சோதித்தார்கள். இடைநிலை ஆயுள் 6.2 மாதம், கீமோ அணியில் 4.7. கணக்கில் வெற்றிதான். ஆனால் கீமோ விழுந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அந்தச் சிகிச்சையைத் தொடங்காமலே விலகிவிட்டார்கள். மாத்திரை அணியில் அப்படி விலகியவர்கள் மிகக் குறைவு. நோயாளியின் இடத்தில் நின்றால் புரிகிறது. ஏற்கெனவே ஒருமுறை பட்ட கீமோவை மறுபடி யார் விரும்புவார்கள்? ஆனால் இப்போது அந்த ஒன்றரை மாத வித்தியாசம் மருந்தால் வந்ததா, விலகியவர்களால் வந்ததா? இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் பக்கவிளைவும் சேர்ந்துகொள்ள, 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. அதே தரவைப் பார்த்து அதே ஆண்டு ஜப்பான் அனுமதி கொடுத்தது! இருவரில் ஒருவர் தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒரே எண்ணை இரு தராசுகள் நிறுத்த விதம் வேறு. பிறகு புதிதாக நோய் கண்ட 539 பேரிடம், கீமோவோடு சேர்த்து, போலியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இடைநிலை ஆயுள் 31.9 மாதம், போலி அணியில் 15.1 மாதம். 2023-இல் அமெரிக்காவும் ஒப்புக்கொண்டது.

இனித்தான் தொடக்கத்தில் சொன்ன நான்காவது செய்தி. திரும்பிய நோயில் வென்ற கில்டெரிடினிப்பை, கடும் கீமோவைத் தாங்க முடியாத, புதிதாக நோய் கண்டவர்களுக்கு அசாசிடிடினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 123 பேர். நோய் அடங்கியவர்கள் சேர்க்கை அணியில் 58 சதவீதம், அசாசிடிடின் மட்டும் பெற்ற அணியில் 26.5. இரண்டு மடங்குக்கும் மேல். இங்கேயே நிறுத்தியிருந்தால் தலைப்புச் செய்தி தயார். ஆனால் ஆயுள்? 9.82 மாதம், 8.87 மாதம். புள்ளியியல் கண்ணில் இரண்டும் ஒன்றே. இனித் தொடர்வதில் பயனில்லை என்று 2020 டிசம்பரில் ஆய்வை நிறுத்தினார்கள். இப்படி நடுவில் எட்டிப்பார்த்து நிறுத்தச் சொல்லும் உரிமை மருந்து நிறுவனத்தைச் சாராத ஒரு கண்காணிப்புக் குழுவிடம் இருக்கும். மற்ற எல்லோருக்கும் திரை மூடியிருக்க, இரு அணிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள் மட்டுமே.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது முப்பது பக்கம் இருக்கும். பலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். லுகீமியாவில் முடிவெடுக்கக் கிடைப்பது சில நாள்களே என்பதால் அவசரம் புரிகிறது. ஆனாலும் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். நான் எந்தக் கட்டத்தில் சேர்கிறேன்? சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை எது? மருந்து எனக்குப் பலன் தந்தால் ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா? பக்கவிளைவு வந்தால் செலவு யார் பொறுப்பு? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது என்பது 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் அறிவித்த நெறிகளின் வழி வந்த உரிமை. குவிசார்டினிப் ஆய்வில் கீமோ அணியிலிருந்து விலகியவர்களும் அந்த உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்களின் உரிமை ஆய்வின் கணக்கைக் குழப்பியது உண்மைதான். அதற்காக உரிமையைக் குறைக்க முடியாது, கணக்கைத்தான் திருத்தி அமைக்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் மஜ்ஜை மாதிரிகளைப் படிப்பது நிற்பதில்லை. மாத்திரையில் அடங்கிய நோய் பலருக்குச் சில மாதங்களில் திரும்புகிறது. திரும்பிய செல்களை எடுத்துப் பார்த்தால் இரண்டு விதமான தந்திரம் தெரிகிறது. சிலவற்றில் எஃப்எல்டி3-யின் அந்தக் குழியே வடிவம் மாறி மருந்து உட்கார முடியாமல் ஆகியிருக்கிறது. இன்னும் பலவற்றில் எஃப்எல்டி3-ஐ விட்டுவிட்டு, ராஸ் என்ற வேறொரு புரதத்தின் வழியாகச் செல் வளரக் கற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் எஃப்எல்டி3 மாற்றம் இருந்தவருக்கு நோய் திரும்பும்போது அது காணாமல் போயிருக்கலாம். முதலில் இல்லாதவருக்குப் புதிதாக முளைத்திருக்கலாம். நோய் திரும்பினால் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்தை முடிவு செய்யாமல் மரபணுப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்வது இதனால்தான்.